ஏழைக் குடியிருப்பில் பெண்களின் நாள்பட்ட நோய்: துணை நிற்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா, மூட்டுவலி என்று வருடக்கணக்கில் கூடவே வரும் நோய்களோடு வாழும் பெண்களுக்கு, வீடு தேடிப் போய்த் துணை நிற்கும் தன்னார்வலர்களுக்காகவும் புதிய சுகாதாரப் பணியாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மருந்தைத் தீர்மானிப்பது மருத்துவரின் வேலை. அந்த மருந்து அவர் வீட்டில், அவர் வருமானத்தில், அவர் நேரத்தில் நடக்குமா என்று பார்ப்பது உங்கள் வேலை.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அறிவுரையில்தான் தொடங்குகிறார்கள். "தினமும் நடங்க, உப்பைக் குறைங்க, மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க." எதிரே உட்கார்ந்திருப்பவர் தலையாட்டுவார். இதையெல்லாம் அவர் ஏற்கெனவே பலமுறை கேட்டிருக்கிறார். மாத்திரை தவறிய நாட்களைக் குறித்துப் பார்த்தால் அவை சிதறிக் கிடக்காது. காசு தீர்ந்த நாள், வேலை நேரம் மாறிய நாள், வீட்டில் இன்னொருவர் படுத்துவிட்ட நாள் என்று கூட்டம் கூட்டமாக நிற்கும். அதனால் முதலில் தெரு, அடுத்து மாத்திரைப் பை, அதற்கடுத்து மாதக் கணக்கு, நோயைப் பற்றிய பேச்சு அதன் பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. கிளம்பும் முன் தயாராக இருக்க வேண்டியவை

கோடு போட்ட நோட்டு ஒன்று. கையின் மேற்பகுதியில் கட்டும் டிஜிட்டல் பிரஷர் கருவி, அதற்கு இரண்டு அளவில் பட்டை. மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம். கை கொஞ்சம் தாழ்ந்தாலோ உயர்ந்தாலோ அளவு மாறிவிடும்.

அருகிலுள்ள மருத்துவமனை எந்த நாளில், எத்தனை மணி வரை திறந்திருக்கும், மருந்து எங்கே இலவசமாகவோ குறைந்த விலையிலோ கிடைக்கும் என்பதை நீங்களே நேரில் போய்த் தெரிந்துகொள்ளுங்கள். பலகையில் எழுதியிருக்கும் நேரமும் உண்மையில் சீட்டு கொடுக்கும் நேரமும் ஒன்றாக இருப்பது அரிது.

சந்தேகம் வந்தால் கேட்க ஒரு மருத்துவரோ செவிலியரோ வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை வீடுகளுக்குப் போகத் தொடங்காதீர்கள். சர்க்கரை குறைந்து ஒருவர் மயங்கும் நேரத்தில் யாரைக் கேட்பது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

2. தெருவை நடந்து பாருங்கள்

முதல் நாள் யார் வீட்டுக்குள்ளும் போக வேண்டாம். பெண்கள் வெளியே வரும் நேரமாகப் பார்த்து, அவர்கள் நடக்கும் பாதையில் நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே பிடிக்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், கழிப்பறை வீட்டில் இருக்கிறதா பொதுவில் இருக்கிறதா, இருட்டிய பிறகு எந்தச் சந்தில் ஆள் நடமாட்டம் நின்றுபோகிறது, மருந்துக் கடைக்குப் போக எத்தனை வண்டி மாற வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

காரணம் இருக்கிறது. குடியிருப்பே உடம்பைப் பாதிக்கிறது. அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில், மிக ஏழ்மையான பகுதிகளில் குழந்தைகளோடு வாழ்ந்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர வாடகை உதவி கொடுத்தார்கள். 2011ல் வெளியான முடிவின்படி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பிரிவுப் பெண்களிடம் அதீத உடல் பருமனும் சர்க்கரை நோயும், உதவி பெறாத பிரிவைவிடக் குறைவாக இருந்தன. அவர்களுக்குத் தனியாக மருந்தோ உணவுத் திட்டமோ கொடுக்கப்படவில்லை. நீங்கள் யாரையும் குடிபெயர்க்கப் போவதில்லை. ஆனால் தெரு என்ன செய்கிறது என்று தெரியாமல் வீட்டுக்குள் போனால், தெருவின் குற்றத்தை அந்தப் பெண்ணின் தலையில் கட்டிவிடுவீர்கள்.

கழிப்பறை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரஷருக்குத் தரும் மாத்திரைகளில் ஒரு வகை, சிறுநீரை அதிகமாகப் பிரிய வைப்பது. பொதுக் கழிப்பறையில் வரிசையில் நிற்க வேண்டியிருப்பவரும், ஒதுங்க இடமில்லாத வேலைக்குப் போகிறவரும் இந்த மாத்திரையைத்தான் முதலில் கைவிடுவார்கள். வெட்கத்தில் மருத்துவரிடம் சொல்ல மாட்டார்கள். பிரஷர் குறையவில்லை என்று மருத்துவர் இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார். சிறுநீருக்குப் பயந்து தண்ணீரையும் குறைத்துவிடுவார்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு சிறுநீர்த் தொற்று வர அது ஒன்றே போதும். தீர்வு பெரும்பாலும் எளிது: மாத்திரை போடும் நேரத்தை மாற்றலாமா, வேறு வகைக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேட்பது. ஆனால் கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்கே அந்தக் கழிப்பறை வரிசையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

3. மாத்திரைப் பையைக் கொட்டச் சொல்லுங்கள்

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்காதீர்கள். "அக்கா, வீட்டுல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அவர் கொண்டுவரும் பையில் பாதி வரலாறு இருக்கும்.

பாயில் கொட்டி, ஒவ்வொரு அட்டையாகப் பிரித்து வையுங்கள். வழக்கமாகக் கிடைப்பவை இவை.

இரண்டு மருத்துவமனைகளில் வாங்கிய ஒரே மருந்து, இரண்டு வேறு பெயர்களில். கம்பெனிப் பெயர்தான் வேறு. கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர் ஒன்றே. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரட்டை அளவு உள்ளே போகும்.

ஓரம் வெட்டப்பட்ட அட்டை. நான்கு மாத்திரை, ஐந்து மாத்திரை என்று வெட்டி வாங்கினால் பெயரும் காலாவதித் தேதியும் கடையில் மிஞ்சிய துண்டோடு போய்விடும். வெட்டி வாங்கும்போது பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி வாங்கும் பழக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

பாதியாக உடைத்த மாத்திரைகள். பத்து நாள் மருந்தை இருபது நாளுக்கு இழுப்பதற்காக உடைத்திருப்பார்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை உடைத்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். எதை உடைக்கலாம், எதை உடைக்கக் கூடாது என்று மருந்தாளுநரிடம் கேட்டு, உடைக்கக் கூடாததன் மேல் பேனாவால் பெருக்கல் குறி போடுங்கள்.

கணவருடைய மாத்திரை, மாமியாருடைய மாத்திரை. "அவருக்கும் சுகர், எனக்கும் சுகர்" என்று பகிர்ந்துகொள்வது சாதாரணமாக நடக்கிறது. பெரும்பாலும் தன்னுடையதைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பவர் பெண்தான். கேட்டால் சொல்ல மாட்டார். அட்டையில் மிச்சம் எத்தனை என்று எண்ணினால் கணக்கு இடிக்கும்.

பையின் அடியில் எப்போதும் வலி மாத்திரை கிடக்கும். நாள் முழுக்கக் குனிந்து நிமிரும் வேலை செய்பவர் முதுகுக்கும் முட்டிக்கும் கடையில் வாங்கிப் போடுவது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷர் மாத்திரைகளோடு சேரும்போது சிறுநீரகத்துக்கும் கெடுதல். "மருந்து சாப்பிட்டும் பிரஷர் குறையல" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் தேடுவது இந்த அட்டையைத்தான். இதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், வலி அப்படியே இருக்கும். வலிக்கு வேறு வழி கேட்பதை மருத்துவரிடம் போகும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் திட்டவே கூடாது. ஒரு முறை முகம் சுளித்தால் அடுத்த முறை பை பாதியாகத்தான் வெளியே வரும்.

4. மாதத்தை ஒரே தாளில் வரையுங்கள்

ஒரு தாளில் முப்பது கட்டம் போடுங்கள். அவரோடு உட்கார்ந்து, பணம் வரும் நாள், வாடகையும் கடனும் போகும் நாள், சாமான் தீரும் நாள், மருந்து தீரும் நாள் ஆகியவற்றைக் குறியுங்கள். நாள்கூலி என்றால் வாரக் கட்டம் போதும். வேலை இல்லாத நாளைக் குறித்தால் சரி.

பிறகு ஒரு கேள்வி: "இந்த மாசத்துல எந்த நாள்ல நீங்க சாப்பாட்டைக் குறைச்சீங்க?" வீட்டில் சாப்பாடு குறையும்போது பெரும்பாலும் முதலில் குறைவது அம்மாவின் தட்டு. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அது ஆபத்தான நாள்.

கலிஃபோர்னியாவின் மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2014ல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் துல்லியமாகக் காட்டியது. சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனையில் சேர்வது, குறைந்த வருமானம் உள்ளவர்களிடம் மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் அதிகம். வசதி உள்ளவர்களிடம் இந்த ஏற்ற இறக்கம் இல்லை.

மருந்து தீரும் நாளும் பணம் தீரும் நாளும் ஒரே வாரத்தில் விழுந்தால், மருந்து வாங்கும் தேதியை முன்னால் தள்ளுவதுதான் முதல் வேலை. பணம் வந்த மறுநாளே மருந்து, மற்றதெல்லாம் பிறகு. பலருக்கு இந்த ஒரு மாற்றமே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது. மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் வண்டிச் செலவும் ஒரு நாள் கூலியும் போவதைக் கணக்கில் எழுதுங்கள்.

5. எந்த மருந்து பசியோடு சேராது

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. "மாத்திரையை எந்தக் காரணத்துக்கும் விடக் கூடாது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். உணவு நேர இன்சுலினும் அப்படித்தான். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு அந்த அபாயம் குறைவு, ஆனால் வெறும் வயிற்றில் குமட்டலும் பேதியும் வரும். அதனால்தான் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு பெண்ணுக்கும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டிய வரி ஒன்று உண்டு: "சாப்பிட முடியாத வேளையில் எதை விடலாம், எதைப் போட்டே ஆக வேண்டும்?" இதற்கு நீங்களாகப் பதில் சொல்லக் கூடாது. சில பிரஷர் மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் எகிறிவிடும்.

சர்க்கரை தாழ்ந்தால் செய்ய வேண்டியதை முதல் சந்திப்பிலேயே வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழறல் வந்தாலோ, அளவு 70க்குக் கீழே இருந்தாலோ, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே மருத்துவமனை.

இன்சுலின் பற்றி ஒரு வார்த்தை. பிரிக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் குப்பியை, வெயில் படாத, 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில் வைத்தால் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். வீடு அதைவிடச் சூடென்றால், தண்ணீர் படாதபடி மூடிய டப்பாவில் போட்டு, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைக்கலாம். பனிக்கட்டியில் புதைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வீண்.

6. பிரஷரை ஒழுங்காக அளப்பது

தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தவரை உட்கார வைத்து உடனே பட்டையைக் கட்டினால், வருவது அவருடைய பிரஷர் இல்லை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும். கால் தரையில், கால்மேல் கால் இல்லாமல். கை நெஞ்சு உயரத்தில் ஒரு பெட்டியின் மேல். சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். அளக்கும்போது அவரும் பேசக் கூடாது, நீங்களும் பேசக் கூடாது. பட்டை சிறியதாக இருந்தால் அளவு கூடிக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள்.

ஒரே நாள் 140/90 தாண்டினால் நோய் என்று முடிவு கட்டாதீர்கள். வேறொரு நாளும் பாருங்கள். 180/120 தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், கடுமையான தலைவலி இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

7. மருத்துவரிடம் போகும் நாள்

மருத்துவர் தரும் நேரம் சில நிமிடம்தான். அதற்காக அரைப் பக்கத் தாள் ஒன்று தயார் செய்யுங்கள்: இப்போது சாப்பிடும் மருந்துகள், கடைசி மூன்று அளவுகள், மூன்று கேள்விகள். மூன்றுக்கு மேல் எழுதினால் ஒன்றுக்கும் பதில் கிடைக்காது.

நான் வழக்கமாக எழுதித் தரும் மூன்று: ஒரு நாளைக்கு ஒரே வேளையாகச் சுருக்க முடியுமா? இரண்டு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை இருக்கிறதா? ஒரு மாதத்துக்குப் பதில் இரண்டு, மூன்று மாத மருந்தாகத் தர முடியுமா? உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை, வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால மருந்தைச் சொன்னபடி எடுப்பவர்கள் சராசரியாகப் பாதிப்பேர்தான் என்கிறது. வேளை குறையக் குறைய விடுபடுவதும் குறையும்.

பெண்களுக்கென்று சொல்ல வேண்டியவை தனி. கர்ப்பமாகும் வாய்ப்பு இருந்தால் முதல் வரியிலேயே எழுதுங்கள். எனாலப்ரில், லோசார்டன் போன்ற பிரஷர் மருந்துகள் கருவுக்கு ஆகாது. கர்ப்ப காலத்தில் சர்க்கரையோ பிரஷரோ வந்து, பிரசவத்துக்குப் பின் "போயிடுச்சு" என்று விட்டவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பின்னாளில் நிலையாக வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், நலமாக இருந்தாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சர்க்கரை பார்க்க வேண்டும். ரத்தசோகை இருந்தால் அதையும் சொல்லுங்கள்: இரும்புச்சத்துக் குறைவால் எச்பிஏ1சி என்ற மூன்று மாத சர்க்கரைக் கணக்கு உள்ளதைவிடக் கூடிக் காட்டலாம். ஏழைப் பெண்களிடம் இரண்டும் சேர்ந்தே இருப்பது வழக்கம். அந்த எண்ணை மட்டும் நம்பி மருந்தை ஏற்றினால் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

வெளியே வந்ததும், "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "வீட்டுக்குப் போனதும் உங்க பொண்ணுகிட்ட எப்படிச் சொல்வீங்க, என்கிட்ட சொல்லுங்க" என்று கேளுங்கள். தவறு அங்கேயே வெளியே வந்துவிடும்.

8. வாரத்துக்கு ஒரே ஒரு திட்டம்

உப்பு, நடை, எடை, பாதப் பராமரிப்பு என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அவிழ்த்துவிட்டால் எதுவும் நடக்காது. ஒன்றை அவரே தேர்ந்தெடுக்கட்டும். என்ன, எப்போது, வாரத்தில் எத்தனை நாள் என்று அவர் வாயால் சொல்லட்டும். பிறகு கேளுங்கள்: "இதை முடிக்க முடியும்னு பத்துக்கு எத்தனை மார்க் நம்பிக்கை?" ஏழுக்குக் கீழே சொன்னால் திட்டத்தைச் சின்னதாக்குங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ஆறு வார சுயபராமரிப்புப் பயிற்சியில் பயன்படும் முறை இது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் எடுபடுகிறது.

"நடக்கணும்" என்பதில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். வேலையில் நாள் முழுக்க நடக்கிறவரிடம் நடைப்பயிற்சி பேசினால் சிரிப்பார், அந்தச் சிரிப்பு நியாயமானது. விறகோ கரியோ எரிக்கும் அடுப்பில் சமைக்கும் ஆஸ்துமாக்காரருக்கு, அடுப்பைக் கதவருகே நகர்த்துவது எந்த நடையையும்விட முந்தைய வேலை. பயன்படுத்திய இன்ஹேலர் தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பதும் அப்படித்தான்.

9. குழுவும் ரகசியமும்

நாலைந்து பெண்கள் சேர்ந்தால் ஒருவர் போய் எல்லோருக்கும் மருந்து வாங்கி வரலாம், ஒரே கருவியைப் பயன்படுத்தலாம், காத்திருக்கும் நேரத்தில் ஒருவர் மற்றவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். பிரஷர் கருவியையும் கையில் கட்டும் பட்டையையும் பகிரலாம். சர்க்கரை பார்க்கும் ஊசியை மட்டும் ஒருபோதும் பகிரக் கூடாது. ரத்தம் வழியே பரவும் தொற்று வரும்.

ஆனால் எல்லோருக்கும் குழு ஒத்துவராது. நோய் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயப்படுபவர் இருப்பார். கணவருக்குத் தெரியாமல் மருந்து எடுப்பவரும் இருப்பார். குழுவுக்கு அழைப்பதற்கு முன் தனியாகக் கேளுங்கள். வாசலில் நின்றுகொண்டு, அக்கம்பக்கம் கேட்கும்படி "சுகர் எப்படி இருக்கு?" என்று விசாரிக்காதீர்கள். புதியவர்கள் அன்பாகச் செய்வதாக நினைத்துச் செய்யும் காரியம் இது.

மனச்சோர்வையும் இங்கேதான் பார்க்க வேண்டும். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்து இருந்ததா என்று இரண்டு கேள்வி போதும். பெரும்பாலான நாட்கள் ஆம் என்றால் செவிலியரிடம் சொல்லி அனுப்புங்கள். மனம் விழுந்தவரிடம் மாத்திரை அட்டவணை பேசுவதில் பயனில்லை.

10. சுவரில் ஒட்ட வேண்டியவை

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது. இவற்றில் ஒன்று வந்தாலும் பக்கவாதம் என்றே எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் அதிகம் வரும். ஆனால் மூச்சிரைப்பு, குமட்டல், தாடையிலோ முதுகிலோ வலி, காரணமில்லாத அசதி என்றும் வரலாம். இதை "வாயு", "வேலை அலுப்பு" என்று அவர்களே தள்ளிவிடுவார்கள். படமாக வரைந்து ஒட்டுங்கள். சர்க்கரை உள்ளவர் காலில் ஆறாத புண் இருந்தால், வலிக்காவிட்டாலும் அதே வாரம் காட்ட வேண்டும். வலிக்காததுதான் அங்கே சிக்கல், நரம்பு மரத்திருக்கும்.

11. வராமல் போனவரைத் தேடிப் போகும்போது

இரண்டு மாதம் ஆள் வரவில்லை என்றால் போய்ப் பாருங்கள். "ஏன் வரல?" என்று கேட்டால் சாக்குதான் வரும். நான்காம் பிரிவில் போட்ட முப்பது கட்டத் தாளை எடுத்து, "இதுல எது மாறிடுச்சு?" என்று கேளுங்கள். வேலை மாறியிருக்கும், புதுக் கடன் வந்திருக்கும், மகள் பிரசவத்துக்கு வந்திருப்பாள். தாளைத் திருத்துங்கள், மருந்து வாங்கும் தேதியை மாற்றுங்கள். கையில் எத்தனை நாள் மருந்து இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்து எப்போது வருவது என்று அவர் சொல்லும் நாளை எழுதிக்கொண்டு வாருங்கள். பல வாரம் மருந்தே இல்லாமல் இருந்திருந்தால், பழைய அளவில் அவராகவே தொடங்க விடாமல் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலினுக்கு இது மிக முக்கியம்.